மாட்டை எங்கே சாய்ப்பது? காட்டோரக் கிராமத்துக்கு முன்னால் உள்ள வழிகள்

பெரும்போகம் என்ற மாரிகால நெற்செய்கைக்கு முன், கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் கன்னாக் கூட்டம் நடக்கும். வாய்க்கால் எப்போது துப்புரவு செய்வது, தண்ணீர் எந்த நாள் திறப்பது, விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும் என்று பேசித் தீர்மானம் எழுதுவார்கள். அதற்குள் ஒரு வரி தவறாமல் இருக்கும்: இன்ன திகதிக்கு முன் மாடுகளை வயல்வெளியை விட்டு அகற்ற வேண்டும். அகற்றி எங்கே விடுவது என்று எழுதிய ஒரு கூட்ட அறிக்கையை நான் இதுவரை கண்டதில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குத்தான்.

இப்போது அந்தக் காட்டில் அரச திணைக்களங்களின் எல்லைக்கல் நட்டிருக்கிறது.

வெருகல், சேருவில, தம்பலகாமம், குச்சவெளி என்று திருகோணமலையில் எந்தப் பக்கம் போனாலும் காட்டோரக் கிராமங்களில் இதே பேச்சுத்தான். இருக்கிறபடியே பேசாமல் இருப்பதா, காணியை விடுவிக்கச் சொல்லிக் கேட்பதா, வனவளத் திணைக்களத்தோடு உட்கார்ந்து உடன்படிக்கை எழுதிக் காட்டைச் சேர்ந்து பார்ப்பதா, இல்லாவிட்டால் சுற்றுலா அது இது என்று வேறு வழி தேடுவதா? எங்கள் ஊர்ச் சங்கத்தில் இருக்கிற ஐந்து பேருக்கு ஆறு கருத்து. நான் மாடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். என் தராசு கொஞ்சம் பட்டிக்காரர், அதாவது மாட்டுப்பட்டி வைத்திருப்பவர் பக்கம் சாயும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கல்லைப் பாருங்கள்

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும். கண்ணுக்கு எல்லாம் ஒரே பாலை மரமும் வீரை மரமும்தான். சட்டத்துக்கு அப்படியில்லை.

வனவளத் திணைக்களத்தின் கையில் இருப்பவை 1907ஆம் ஆண்டுக் காடுகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதில் ஒதுக்கக் காடு என்று வர்த்தமானியில் வந்துவிட்டால், மரம் தறிப்பது மட்டுமல்ல, அனுமதியில்லாமல் உள்ளே போவதும் மாடு மேய விடுவதும் குற்றம். ஒதுக்கப்படாத மீதி அரச காடுகள் இன்னொரு வகை. கிராமத்தை ஒட்டி, காடு வெட்டி எரித்துப் பயிர் செய்த பழைய சேனைகள் மூடி வளர்ந்த பற்றைக்காடுகள் பெரும்பாலும் இதற்குள்தான் அடங்கும். இவற்றின் பொறுப்பை 2001இல் ஒரு சுற்றறிக்கை வனவளத் திணைக்களத்துக்குக் கொடுத்தது. 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை மாவட்ட, பிரதேச செயலகங்களுக்கே திருப்பிவிட்டது. இப்படிக் கை மாறி மாறி வந்ததால்தான், இரண்டு கந்தோருக்கு நடந்து இரண்டு பதில் வாங்கி வந்தவர்கள் எங்களுக்குள்ளே நிறையப் பேர்.

வனஜீவராசிகள் திணைக்களம் வேறு. அதன் சட்டம் 1937ஆம் ஆண்டுக்குரியது. தேசிய பூங்கா என்றால் டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போகலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. 1986இல் தேசிய பூங்காவான சோமாவதி நம் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. சரணாலயம் என்றால் கொஞ்சம் இளக்கம் உண்டு, அதற்குள் தனியார் காணி இருக்கலாம், பயிர் செய்யலாம். சேருவில அல்லை சரணாலயம் 1970இல் 15,540 ஹெக்டேயராக அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளே வயலும் குளமும் வீடும் எல்லாம் இருக்கின்றன. ஒரே ஆள் காலையில் சரணாலயத்துக்குள் தன் வயலைச் சட்டப்படி உழுதுவிட்டு, பின்னேரம் சோமாவதிப் பக்கம் கயிற்றோடு போனால் குற்றவாளி.

ஆகவே தேசிய பூங்காவுக்குள் சமூகக் காடு (திணைக்களத்தோடு சேர்ந்து ஊர் பார்க்கும் காடு) கேட்பதும், பற்றைக்காட்டுக்குள் போகப் பயந்து சாவதும் இரண்டுமே வீண். கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கல் யாருடையது, எந்த ஆண்டு வர்த்தமானி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாள் வேலைதான், ஆனால் அதைச் செய்யாமலே ஐந்து வருடம் சண்டை பிடித்த கிராமங்கள் உண்டு.

பேசாமல் இருப்பது

இதைத்தான் இப்போது எல்லோரும் செய்கிறோம், அதனால் இதையும் ஒரு தெரிவாகவே எடுக்க வேண்டும். விறகு எடுக்கிறோம். வேலிக்குக் கம்பு, வரிச்சுக்குத் தடி. வெயில் காலத்தில் தேன், பாலைப்பழம், வீரைப்பழம். மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்களுக்குத் தேன் பொழுதுபோக்கு இல்லை, கடல் தராத நாளின் சோறு அதுதான். யாரும் பிடிக்காதவரை இது மலிவான வழி. கூட்டம் இல்லை, கடிதம் இல்லை, தலைவர் பொருளாளர் சண்டை இல்லை.

பிடித்தால்தான் விலை தெரியும். என் மாமாவின் பட்டியில் பதினொரு மாட்டை ஒருமுறை மறித்துக் கொண்டுபோனார்கள். யார் என்பது இங்கே வேண்டாம். மீட்டு வருவதற்குள் இரண்டு கறவை மாட்டின் பால் வற்றிவிட்டது. அடுத்த மாரியில் அவர் பட்டியை விற்றார்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. காட்டுக்குள் போனதே குற்றம் என்றால், உள்ளே முதிரை தறித்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுகிறவனைக் கண்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்வது? “நீ ஏன் அங்கே போனாய்?” என்றல்லவா முதல் கேள்வி வரும். தேனுக்குப் போகிறவருக்கும் பட்டிக்காரருக்கும் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். காட்டுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த காவற்காரர் அவர்கள். அவர்களைத்தான் இந்த ஏற்பாடு வாயைக் கட்டி வைக்கிறது. இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதற்கு 1990இல் இருந்து நாடு முழுவதும் தடை உண்டு. தடை இருந்தும் முதிரைக்கும் கருங்காலிக்கும் என்ன நடக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

(ஒரு பக்கக் கதை. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் நம்மில் சமண்டலை என்றும் சொல்கிற மரத்துக்கு வெளிநாட்டு மரச் சந்தையில் பெயரே ‘திருகோணமலை மரம்’. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், அலைக்குள்ளால் ஆளையும் பொதியையும் கரை சேர்த்த மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து அது கப்பலேறிப் போனது. எங்கள் ஊர்ப் பெயரில் மரம் இருக்கிறது. எங்கள் காட்டில் வயிரம் பாய்ந்த ஒன்றைத் தேடி ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும்.)

காணியை விடுவிக்கக் கேட்பது

இதில் இரண்டு கோரிக்கை கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்காவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும்.

2006இல் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது வயலில் மரம் நின்றது. ஆளில்லாத காணியில் காடு வளர்வது காட்டின் குற்றமில்லை. அங்கே கல் நட்டால், அது காட்டைக் காப்பதாகாது, இடப்பெயர்வுக்கு இரண்டாம் தண்டனை கொடுப்பதாகும். காணிப் பெர்மிட் இருந்தால், பழைய வரம்பும் கிணறும் வைத்த மாமரமும் காட்ட முடிந்தால், விடுவிக்கத்தான் கேட்க வேண்டும். அந்தக் காணியை “சேர்ந்து முகாமை செய்வோம்” என்று யாராவது கூப்பிட்டால் தலையாட்டக் கூடாது. சொந்த வயலுக்கு உடன்படிக்கை எதற்கு?

மற்றது, ஒருபோதும் யாருடைய வயலாகவும் இல்லாத ஓரக் காட்டையும் விடுவித்துப் பங்கிட்டுத் தரச் சொல்வது. இதற்கு நான் எதிர். ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று பிரித்தால் பட்டியலில் யார் பெயர் வரும்? ஏற்கெனவே வயல் உள்ளவர், கந்தோரில் ஆள் தெரிந்தவர். காணியில்லாமல் காட்டை நம்பியிருக்கிறவருக்குப் பொதுவாய் இருந்ததும் போகும். இரண்டு போகம் கச்சானும் சோளமும் போட்டுவிட்டு விற்பார்கள், வெளியார் வாங்குவார்கள். மேய்ச்சல் தரை சுருங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டக்களப்புக்கு மேல் போக வேண்டாம். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் வீதிக்கு இறங்கியது, மாடு மேய்ந்த நிலத்தில் வேறு ஆட்கள் பயிர் செய்ய வந்ததால்தான்.

சேர்ந்து பார்ப்பது

என் விருப்பம் இதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

இலங்கையில் இது புதிதில்லை. 1995ஆம் ஆண்டு வனக் கொள்கை மக்கள் பங்கை ஏற்றுக்கொண்டது. 2012இல் ஆஸ்திரேலிய அரசின் உதவியோடு உலர் வலய, இடைவலய மாவட்டங்களில் சமூகக் காடு வேலைத்திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் ஊரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். திணைக்களமும் சங்கமும் உட்கார்ந்து முகாமைத் திட்டம் எழுதின. சங்கம் தீத்தடுப்புப் பாதை வெட்டியது, எல்லையில் மரம் நட்டது, காவல் பார்த்தது. பதிலுக்கு மரம் தவிர்ந்த பொருட்களை எடுக்க இடமும், வீட்டுத் தோட்டத்துக்குக் கன்றும், சுழற்சிக் கடனுக்கு ஒரு நிதியும் கிடைத்தன. நாம் பெரிதாக எடுக்காத ஒன்று இன்னும் இருக்கிறது. 1907 சட்டத்துக்குள்ளேயே ‘கிராமக் காடு’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு கிராம மக்களின் நன்மைக்காகக் காட்டில் ஒரு துண்டை அமைச்சர் ஒதுக்கலாம் என்று அது சொல்கிறது. கேட்டால் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்க ஒரு வாசகம் சட்டத்தில் இருக்கிறது என்கிறேன்.

இந்த முறையில் பெயர் எடுத்த நாடு நேபாளம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 22,000க்கு மேற்பட்ட பயனாளர் குழுக்கள் அங்கே உருவாகின. 1992இல் நாட்டின் நிலத்தில் 26 வீதமாக இருந்த காடு 2016இல் 45 வீதம் ஆனது. வெளிநாட்டுக்கு உழைக்கப் போனவர்கள் விட்ட நிலத்தில் வளர்ந்ததும் அதற்குள் சேரும், முழுப் புகழையும் குழுக்களுக்குக் கொடுக்க முடியாது. நம் சங்கத்தில் யாரும் இதுவரை சொல்லாத இன்னொரு பக்கமும் அதற்கு உண்டு. குழுவில் காணிக்காரர்கள் உட்கார்ந்த இடங்களில், மேய்ச்சலையும் கரி சுடுவதையும் முதலில் தடுத்தார்கள். அடி வாங்கியது காணியில்லாத ஆட்டுக்காரரும், கரி இல்லாமல் உலை மூட்ட முடியாத கொல்லரும். காடு பச்சையானது, அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்தது.

இந்தியாவின் கதை வேறு. அங்கே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராமத்துக்குச் சமூக உரிமை கொடுக்கிறது. மகாராஷ்டிரத்தில் மெண்டா லேகா என்ற சிற்றூர் 2009இல் அந்த உரிமையைப் பெற்று, 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்றது. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்குக் கிடைப்பது உரிமை அல்ல, அனுமதி. அதிகாரி மாறினால் குரல் மாறும், திட்டக் காசு முடிந்தால் கூட்டமும் முடியும். உடன்படிக்கைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். ஆகவே காலம் எத்தனை ஆண்டு, யார் முறிக்கலாம், முறித்தால் எங்கே முறையிடுவது என்று எழுத்தில் கேளுங்கள். மரக்கன்று எத்தனை, பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

இனி மாடு. திட்டக்காரருக்கு மரம் நடப் பிடிக்கும், படமும் நன்றாக வரும். மாடு எங்கே போகும் என்று கேட்டால் முகம் மாறும். ஆனால் திருகோணமலையில் ஓரக் காட்டை உண்மையில் ஆளுவது கோடரியை விட மாடுதான். மாரியில் வயலில் நெல் நிற்கிற மாதங்கள் முழுக்கப் பட்டி காட்டோரம் கிடக்கிறது. நட்ட கன்றை முதலில் தின்பதும் அதுதான். மேய்ச்சலைப் பற்றி ஒன்றும் எழுதாத உடன்படிக்கை முதல் மாரியிலேயே முறியும். பட்டிக்காரர் வேலியைப் பிரிப்பார், சங்கம் முறையிடும், ஊர் இரண்டாகும்.

இதற்கு நேபாளத்தில் இருந்து பாடம் கொண்டுவரத் தேவையில்லை. திகதி வைத்து மாட்டை நகர்த்துவது எங்களுக்குப் பரம்பரையாகத் தெரியும், கன்னாக் கூட்டம் என்றால் அதுதானே! வயலுக்குத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடத் தெரிந்தவர்களுக்குக் காட்டை முறை வைத்துப் பங்கிடத் தெரியாதா? ஓரக் காட்டை மூன்று துண்டாக்கி, ஒரு துண்டை இரண்டு மாரிக்கு மூடி, மற்றதில் மேய விடலாம். பட்டிக்கு இத்தனை மாடு என்று ஒரு கணக்கு. மாடு நடக்கும் பாதைக்கு ஒரு கல், எல்லைக்கல்லைப் போலவே. மீறினால் தண்டம் சங்கத்துக்கு. வட்டவிதானை தண்ணீரைப் பார்ப்பதுபோல இதைப் பார்க்க ஒருவர், அவர் பட்டிக்காரரில் ஒருவராக இருக்க வேண்டும்.

பழத்துக்கும் தேனுக்கும் விதி சுருக்கமாகப் போதும். பாலைப்பழத்துக்குக் கொப்பு வெட்டக் கூடாது. ஒரு முறை வெட்டிய மரம் பல வருடம் காய்க்காது, அதன் வளர்ச்சி அப்படி மெதுவானது. கரடிக்கும் அதுதான் விருந்து என்பதை மறந்து மரத்தடிக்குப் போனவர்கள் முகத்தில் வடுவோடு வந்திருக்கிறார்கள். தேன் எடுக்கிறவர் பந்தத்தை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், தேன்வதையில் குஞ்சுப் பகுதியை விட்டுவைக்க வேண்டும். பழைய தேன்காரருக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. கல்யாண வீட்டுக்கு இரண்டு போத்தல் வேண்டும் என்று தீப்பெட்டியோடு போகிற இளந்தாரிகளுக்குத்தான் விதி.

சுற்றுலாவும் மற்றதும்

நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்குப் படகு ஓடுகிறதைப் பார்த்து, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறார்கள். புறாமலை 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. நுழைவுக் கட்டணம் திணைக்களத்துக்குப் போகிறது. ஊருக்கு வருவது படகுக் கூலியும் சாப்பாட்டுக் கடையும்தான். அதுவும் சின்னக் காசில்லை. ஆட்கள் கூடிப் பவளப் பாறையை மிதித்த கேடும் கூடவே வந்தது. காட்டுக்குள் பறவை பார்க்கவும் குளக்கரையில் தங்கவும் ஆள் வரலாம், ஆனால் கிழக்கில் சீசன் சித்திரை முதல் புரட்டாதி வரை. அந்த மாதங்களில் வேலை குறைந்த நான்கைந்து இளைஞருக்கு இது நல்ல வரும்படி, ஊருக்கே சோறு போடாது. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் முன்பு களவாகப் பட்டை உரித்தவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள், அது நிலைத்தது. அங்கே தேக்கடிக்கு ஆண்டு முழுக்கக் கூட்டம். எங்கள் ஒழுங்கைக்கு அது வராது.

காட்டுத் தேவையையே குறைப்பது என்றொரு வழியும் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் தேக்கு, வேம்பு, வேலியில் சீமைக்கிளுவை. கிளுவை இலை மாட்டுக்கும் ஆகும், தடி அடுப்புக்கும் ஆகும். இதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம். ஆனால் ஐந்து மாட்டுக்குத் தீனி தரும் வேலி ஐம்பது மாட்டுக்குத் தராது. 2022இல் கேஸ் இல்லாமல் வரிசையில் நின்றபோது, விறகை விட்டவர்களும் மறுபடி காட்டுக்குத்தான் போனோம்.

யானையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானை. 2023இல் மட்டும் 400க்கு மேல் செத்தன, ஆட்களும் நூற்றுக்கு மேல். மின்வேலியைக் காட்டின் எல்லைக்கல் வழியே போட்டால் யானை இரண்டு பக்கமும் நிற்கும், கல் எங்கே என்று அதற்குத் தெரியாது. பயிரைச் சுற்றி, விதைப்புக்குப் போட்டு அறுவடைக்குப் பின் கழற்றுகிற வேலி வேறு மாதிரி. குருநாகல் பக்கம் கமக்காரரே அப்படிப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். கழற்றிய பின் யானை வந்து நெல் தாளைத் தின்றுவிட்டுப் போகிறது. அதற்கும் ஒரு திகதிதான் வேண்டும், அதுவும் கன்னாக் கூட்டத்தில் வைக்கக்கூடிய திகதி.

எந்த ஊர் எதை எடுப்பது

ஊரைச் சுற்றி உள்ளது தேசிய பூங்கா என்றால் உடன்படிக்கைப் பேச்சில் காலத்தை வீணாக்காதீர்கள். வேலி, வீட்டுத் தோட்டம், முடிந்தால் சுற்றுலா, அவ்வளவுதான். இடம்பெயர்வுக் காணி சிக்கியிருந்தால் அதை முதலில் தனியாக முடியுங்கள். உடன்படிக்கை மேசைக்கு அதைக் கொண்டுபோனால், அதை விட்டால் இதைத் தருகிறோம் என்று பேரம் வரும். ஓரக் காடு மீதி அரச காடாக இருந்து, ஊரில் பட்டியும் தேனும் இன்னும் இருந்தால் சேர்ந்து பார்ப்பதுதான் சரி. உள்காட்டைத் தொடாமல் விட்டுவிட வேண்டும், அதைக் கேட்டு வாங்கினாலும் காவல் பார்க்க எங்களிடம் ஆளில்லை. பட்டிக்காரரும் தேன்காரரும் விறகுக்குப் போகிற பெண்களும் குழுவில் பாதிக்கு மேல் உட்காராவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். பாடசாலை அதிபர் தலைவராக இருக்கட்டும், கடிதம் எழுத அவர் வேண்டும்.

எங்கள் சங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை. புரட்டாதிக் கன்னாக் கூட்டத்தில், மாடு அகற்றும் திகதிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதச் சொல்லிக் கேட்பது என்று மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பாதையால், எந்தத் துண்டுக்கு. வனவளத் திணைக்களத்தில் இருந்து ஒருவரைக் கூட்டத்துக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. மாமாவும் வருகிறேன் என்றார், பட்டி இல்லாவிட்டாலும்.